பைரோமின் படலமும் அதன் அடியில் இருப்பதும்

புதிதாகச் செய்த ஒரு பைரோமின் படலத்தை முதன்முதலாகச் சோதிக்கும்போது நான் பெரிய கருவிகளைத் தேடுவதில்லை. அடியிலுள்ள சிலிக்கானை அரித்து நீக்கி, சவ்வு போலத் தொங்கவிடப்பட்டிருக்கும் படலத்தின் மேல் மின்முனையில் ஊசியை மெல்ல இறக்கி, அதைப் பெருக்கியோடு இணைத்துவிட்டு, உள்ளங்கையை ஒரு சாண் உயரத்தில் நேராக நீட்டுவேன். அலைநோக்கித் திரையில் தட்டையாக ஓடிக்கொண்டிருக்கும் கோடு சட்டென்று மேலெழும். கையை அசைக்காமல் அங்கேயே வைத்திருந்தாலும் கோடு சிறிது நேரத்தில் பழைய இடத்துக்கே இறங்கிவிடும். கையை விலக்கினால், எழுந்த அளவுக்கே கீழ்நோக்கிப் பாய்ந்து மீண்டும் தட்டையாகும். இந்தப் பொருள்களின் இயல்பு முழுவதும் அந்த ஓர் அசைவில் அடங்கியிருக்கிறது. அவை வெப்பத்தை உணர்வதில்லை. வெப்பநிலை மாறும்போது மட்டும் பேசுகின்றன.

சொல்லைப் பற்றி ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. ‘வெப்பமின்’ என்ற தமிழ்ச் சொல் ஏற்கெனவே தெர்மோகப்பிள் போன்றவற்றுக்கு, அதாவது ஒரு கம்பியின் இரு முனைகளுக்கிடையே உள்ள வெப்பநிலை வேறுபாட்டால் மின்னழுத்தம் பிறப்பதற்கு, வழங்கி வருகிறது. நான் எழுதப்போவது வேறு. ஒரு படிகத்துக்குள் நேர் மின்னூட்டத்தின் மையமும் எதிர் மின்னூட்டத்தின் மையமும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாமல் சற்று விலகியிருந்தால், வெளியிலிருந்து மின்புலம் எதுவும் கொடுக்காமலே அந்தப் படிகத்துக்கு ஒரு முனைவாக்கம் இருக்கும். படிகம் சூடாகும்போது அந்த விலகலின் அளவு மாறும். அதனால் பரப்பில் ஒட்டிக்கொண்டு அதைச் சமன்செய்திருந்த மின்னூட்டங்களில் சில உபரியாகி, வெளிச்சுற்றில் ஓட்டமாக வெளிப்படும். இதைப் பைரோமின் விளைவு என்றே எழுதுகிறேன். படிகங்களின் 32 சமச்சீர் வகுப்புகளில் 20 வகுப்புகள் அழுத்தினால் மின்னூட்டம் தருபவை. அவற்றுள் 10 மட்டுமே பைரோமின் தன்மையும் கொண்டவை.

விளைவு பழையது. இலங்கையிலிருந்து 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சு வணிகர்கள் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோன டூர்மலின் கற்கள், சூடான சாம்பலில் கிடக்கும்போது சாம்பல் துகள்களை இழுத்துக்கொள்வதைக் கண்டு, அவற்றைச் சாம்பல் இழுப்பான் என்றே அங்கே அழைத்தார்கள். டூர்மலின் என்ற பெயரே சிங்களச் சொல்லிலிருந்து சென்றதுதான். அது மின் விளைவுதான் என்பதை இயற்பியலாளர் ஏபினஸ் 1756இல் காட்டினார். பைரோமின் என்ற பெயரை டேவிட் புரூஸ்டர் 1824இல் வழங்கினார். பெயர் கிடைத்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் கடந்த பிறகு, 1938இல்தான், அகச்சிவப்புக் கதிர்களை உணர இதைப் பயன்படுத்தலாம் என்ற யோசனை அச்சில் வந்தது. இன்று ஆள் நுழைந்தால் விளக்கை எரியவைக்கும் அந்தச் சிறு வெள்ளைக் குமிழிக்குள் இருப்பது இதே விளைவுதான். அதற்குள் இரண்டு பைரோமின் துண்டுகள் எதிரெதிர்த் திசையில் இணைக்கப்பட்டிருக்கும். அறை முழுவதும் மெல்லச் சூடானால் இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். ஓர் ஆள் குறுக்கே நடந்தால் முதலில் ஒன்றும் பிறகு மற்றொன்றும் சூடாகி, ஓர் ஏற்றமும் ஓர் இறக்கமும் பதிவாகும். தோலின் வெப்பநிலையில் உள்ள ஒரு பரப்பு மிகுதியாக உமிழ்வது ஏறத்தாழ 9.5 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில். காற்று கதிரைத் தடுக்காமல் விடும் 8 முதல் 14 மைக்ரோமீட்டர் சாளரத்துக்குள்ளேயே அது விழுகிறது என்பது நமக்கு வாய்த்த நல்வாய்ப்பு.

இந்தத் துறைக்குள் வருபவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, ‘உங்கள் பொருளின் பைரோமின் குணகம் எவ்வளவு?’ என்பது. நானும் பல ஆண்டுகள் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். குணகம் என்பது, ஒரு கெல்வின் மாற்றத்துக்கு ஒரு சதுர மீட்டரில் எத்தனை மைக்ரோகூலும் மின்னூட்டம் வெளிப்படுகிறது என்ற கணக்கு. ஈயம், சிர்க்கோனியம், டைட்டானியம் சேர்ந்த பி.இசட்.டி. வகைச் செராமிக்குகளில் அது 300 முதல் 400 வரை இருக்கும், லித்தியம் டான்டலேட் ஒற்றைப் படிகத்தில் 200ஐ ஒட்டியே இருக்கும், பி.வி.டி.எஃப். என்னும் பாலிமர் படலத்தில் வெறும் 30க்குள். இந்த வரிசையை மட்டும் பார்த்தால் பி.இசட்.டி.தான் வெல்ல வேண்டும். ஆனால் உணரி தருவது மின்னழுத்தம். வெளிப்பட்ட மின்னூட்டம் அதே துண்டின் மின்தேக்குத் திறன் மேல்தான் பரவுகிறது. ஆகவே குணகத்தை, பொருள் எவ்வளவு மின்னூட்டத்தைத் தேக்கும் என்பதைச் சொல்லும் மின்காப்பு மாறிலியாலும் பருமன் வெப்ப ஏற்புத்திறனாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். வெப்ப ஏற்புத்திறன் இந்த ஆக்சைடுகளுக்குள் பெரிதாக வேறுபடுவதில்லை. மின்காப்பு மாறிலியோ பி.இசட்.டி. வகைகளில் 300ஐ ஒட்டியும் லித்தியம் டான்டலேட்டில் 45ஐ ஒட்டியும் இருக்கிறது. வகுத்ததும் வரிசை தலைகீழாகி, குணகம் குறைந்த டான்டலேட் மூன்று மடங்கு முன்னால் நிற்கிறது.

கதை அத்தோடும் முடிவதில்லை. உணரியை 50 மைக்ரோமீட்டர் சதுரப் புள்ளியாகச் சுருக்கி, அப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான புள்ளிகளை அடுக்கிப் படம் எடுக்க விரும்பினால் நிலைமை மீண்டும் மாறுகிறது. 10 மைக்ரோமீட்டர் தடிமனுக்குத் தேய்க்கப்பட்ட டான்டலேட்டில் அத்தகைய ஒரு புள்ளியின் மின்தேக்குத் திறன் 0.1 பிக்கோஃபாரட்தான். அதைப் படிக்கும் டிரான்சிஸ்டரின் உள்ளீடும் இணைப்புக் கம்பிகளும் தம் பங்குக்குக் கொண்டிருக்கும் தேக்குத் திறன் அதைவிடப் பெரிது. பிறந்த மின்னூட்டத்தை அவையே விழுங்கிவிடும். ஒரு மைக்ரோமீட்டர் தடிமனுள்ள பி.இசட்.டி. படலத்தில் அதே புள்ளிக்கு 6 பிக்கோஃபாரட்டுக்கு மேல் கிடைக்கிறது. பெரிய தனித் துண்டுக்குக் குறையாக இருந்த உயர்ந்த மின்காப்பு மாறிலி, சிறிய புள்ளிக்கு நிறையாக மாறுகிறது. எந்தப் பொருள் சிறந்தது என்ற கேள்விக்கு, எவ்வளவு பெரிய உணரி, எத்தகைய பெருக்கி என்று திருப்பிக் கேட்காமல் விடை சொல்ல முடியாது என்பதை நான் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த நாளில்தான் உண்மையாகப் புரிந்துகொண்டேன்.

மெல்லிய படலத்தை நாடுவதற்கு வலுவான காரணம் வெப்ப நிறை. வந்து விழும் கதிரின் ஆற்றல் மிகச் சிறியது. அது சூடாக்க வேண்டிய பொருளும் சிறியதாக இருந்தால்தான் வெப்பநிலை கண்ணுக்குத் தெரியும் அளவு உயரும். செராமிக் கட்டியை அறுத்து, தேய்த்து, மெருகேற்றிச் சில பத்து மைக்ரோமீட்டருக்குக் கொண்டுவரலாம். அதற்குக் கீழே போனால் கையில் பொடிதான் மிஞ்சும். ஒரு மைக்ரோமீட்டர் படலத்தை நேரடியாகப் படியவைத்தால், 50 மைக்ரோமீட்டர் புள்ளியை ஒரு கெல்வின் சூடாக்க ஏறத்தாழ 7 நானோஜூல் போதும். இத்தனை ஆதாயமும் வீணாகப் போகும் ஓர் இடம் உண்டு. அது படலத்தின் அடியில் இருக்கிறது. படலத்தில் பிறந்த வெப்பம் ஒரு மைக்ரோமீட்டரைக் கடந்து சிலிக்கானை அடையச் சில மைக்ரோநொடிகளே ஆகின்றன. சிலிக்கான் வெப்பத்தை நன்றாகக் கடத்துவதால் அங்கே சென்ற வெப்பம் திரும்பி வராது. மிகச் சிறந்த படலத்தைத் திண்ணிய சிலிக்கான் மேல் உட்காரவைத்தால், அடுப்பில் ஏற்றிய பாத்திரத்தைக் குளத்தில் இறக்கியதற்குச் சமம். இந்தத் தொழிலில் பாதி படலத்தைச் செய்வது. மறுபாதி அந்தப் படலத்திலிருந்து வெப்பம் எந்த வழியாக வெளியேறுகிறது என்று பார்த்து அந்த வழியை ஒடுக்குவது.

படலம் செய்ய நான் பெரும்பாலும் கையாளுவது சோல்-ஜெல் முறை, அதாவது கரைசலைப் பூசி உலர்த்திச் சுடும் முறை. தெறிப்புப் படிவு, லேசர் துடிப்புப் படிவு, ஆவிநிலை வேதிப் படிவு எல்லாம் உண்டு. அவற்றுக்கு வெற்றிடக் கலங்களும் பெரும் முதலீடும் வேண்டும். சோல்-ஜெல்லுக்கு ஒரு குடுவையும் சுழல்தட்டும் சூட்டுத்தட்டும் விரைவாகச் சூடேற்றிச் சுடும் வேக அனீலிங் உலையும் போதும். ஈய அசிட்டேட்டைக் கரைப்பானில் கரைத்துக் கொதிக்கவைத்து, அதன் படிகத்தில் ஒட்டியிருக்கும் நீரை முதலில் வடித்து வெளியேற்ற வேண்டும். பிறகு சிர்க்கோனியம் புரோப்பாக்சைடும் டைட்டானியம் ஐசோபுரோப்பாக்சைடும் உலர்ந்த சூழலில் சேர்க்கப்படும். நீர் மிஞ்சியிருந்தால் இவ்விரண்டும் அந்த இடத்திலேயே வினைபட்டு வெண்ணிறத் திரியாக விழும்; தெளிந்த தேன்நிறக் கரைசலாக இருக்க வேண்டியது மோர் போலக் கலங்கும். அப்படிக் கலங்கிய கரைசலை வடிகட்டிப் பயன்படுத்தலாம் என்று நினைப்பது தவறு. விழுந்தது எந்த உலோகம், எவ்வளவு என்பது தெரியாத நிலையில் மிஞ்சிய கரைசலின் கலவை விகிதத்தை நம்ப முடியாது. பல ஆய்வகங்களில் வழக்கமான கரைப்பானாக இருந்த 2-மெத்தாக்சி எத்தனால் இனப்பெருக்கத்துக்குத் தீங்கு செய்வது. ஈய அசிட்டேட்டோ நாக்குக்கு இனிக்கும் நஞ்சு. புகைக்கூண்டும் கையுறையும் இல்லாத இடத்தில் இந்த வேலையைத் தொடங்கக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. புரோப்பேன்டையால் போன்ற, தீங்கு குறைந்த கரைப்பான்களைக் கொண்டும் நல்ல படலங்கள் செய்ய முடிகிறது.

கரைசலில் ஈயத்தைத் தேவைக்கு மேல் 10 முதல் 20 விழுக்காடு வரை கூட்டியே வைப்போம். சூட்டில் ஈய ஆக்சைடு ஆவியாகிப் பறந்துவிடும் என்பதே காரணம். பிளாட்டினம் பூசிய சிலிக்கான் வேஃபரின், அதாவது மெல்லிய வட்டத் தகட்டின், மேல் சில துளிகளை விட்டு, நிமிடத்துக்கு 3000 சுற்று வேகத்தில் அரை நிமிடம் சுழற்றினால் கரைசல் சீராகப் பரவும். அதைச் சூட்டுத்தட்டில் 350 டிகிரி செல்சியஸை ஒட்டி வைத்து, கரிமப் பகுதிகளை எரித்து வெளியேற்றுவோம். அந்த நேரத்தில் படலத்தின் நிறம் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு இன்றுவரை சலிக்கவில்லை. ஈரமாக இருக்கும்போது பச்சையும் இளஞ்சிவப்பும் கலந்து நெளியும் வண்ணங்கள், தடிமன் குறையக் குறைய ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓரத்திலிருந்து நடுப்பகுதிக்கு ஓடி, சில நொடிகளில் ஒரே நீலமாகவோ ஒரே பொன்னிறமாகவோ நின்றுவிடும். நின்ற நிறம் வேஃபர் முழுவதும் ஒன்றாக இருந்தால் தடிமன் சீராக வந்திருக்கிறது என்று பொருள். நடுவில் வால் முளைத்த நட்சத்திரம் போல ஒரு கீற்று தெரிந்தால், அங்கே ஒரு தூசி உட்கார்ந்திருக்கிறது. அந்த இடத்தில் வைக்கும் மின்முனை பெரும்பாலும் குறுக்குச்சுற்றாகும். ஒரு பூச்சுக்கு 50 முதல் 100 நானோமீட்டரே கிடைப்பதால், ஒரு மைக்ரோமீட்டரை எட்ட இதைப் பத்துப் பன்னிரண்டு முறை செய்ய வேண்டும். அவசரப்பட்டுத் தடித்த பூச்சாக இட்டால், உலரும்போது வறண்ட ஏரிப் படுகை போல வெடிக்கும்.

எரித்து முடித்த படலம் இன்னும் படிகமாகவில்லை. 600 முதல் 700 டிகிரி வரை சூடேற்றும்போது இரண்டு படிக வடிவங்கள் போட்டியிடுகின்றன. நமக்கு வேண்டியது முனைவாக்கம் உள்ள பெரோவ்ஸ்கைட். குறைந்த வெப்பநிலையில் முந்திக்கொண்டு வருவது முனைவாக்கம் இல்லாத பைரோகுளோர். ஈயம் குறைந்த இடங்களில் பைரோகுளோர் பிடிவாதமாக நிலைத்துவிடும். ஆகவே மெல்லச் சூடேற்றுவது இங்கே உதவாது. நொடிக்குப் பத்துப் பதினைந்து டிகிரியோ அதற்கு மேலோ விரைந்து ஏற்றி, பைரோகுளோர் நிலைகொள்ள நேரம் தராமல் அந்த இடைவெளியைக் கடந்துவிட வேண்டும். சரியாக வராத படலத்தை நுண்ணோக்கியில் பார்த்தால், மங்கிய தளத்தின் மேல் வட்ட வட்டமாக ரோஜாப் பூக்களைச் சிதறவிட்டது போலத் தெரியும். அந்த வட்டங்கள் பெரோவ்ஸ்கைட். இடையே இருக்கும் தளம் பைரோகுளோர். விதைப் புள்ளிகள் குறைவாக இருந்ததால், எங்கோ சில இடங்களில் மட்டும் படிகம் முளைத்து வட்டமாக வளர்ந்து, அடுத்த வட்டத்தை எட்டும் முன் நின்றுவிட்டது என்பதை அந்தப் படம் சொல்கிறது. பிளாட்டினத்தின் மேல் சில நானோமீட்டர் தடிமனில் டைட்டானியம் ஆக்சைடையோ ஈய டைட்டானேட்டையோ முதலில் இட்டால் முளைக்கும் புள்ளிகள் பெருகி இந்தப் பூக்கள் மறைந்துவிடுகின்றன.

அந்த விதைப் படலம் படிகங்களின் திசையையும் முடிவுசெய்கிறது. அடியில் இருப்பது மேலே இருப்பதை ஆள்வதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. சிலிக்கான் சூட்டில் விரிவது மிகக் குறைவு, பி.இசட்.டி. அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு விரியும். 650 டிகிரியில் ஒட்டிக்கொண்ட இரண்டும் சேர்ந்து குளிரும்போது படலம் சுருங்க விரும்பும், சிலிக்கான் விடாது. படலம் இழுவிசையில் மாட்டிக்கொள்கிறது. டைட்டானியம் மிகுந்த கலவைகளில் படிகக் கூட்டின் நீண்ட பக்கமே முனைவாக்கத்தின் திசை. இழுபடும் படலத்தில் அந்த நீண்ட பக்கம் படலத்தின் தளத்திலேயே படுத்துக்கொள்வதுதான் இயற்கைக்கு எளிது. படுத்துவிட்ட முனைவாக்கம் மேலும் கீழும் உள்ள மின்முனைகளுக்கு எதையும் தருவதில்லை. ஏறத்தாழக் கனசதுரமான அந்தக் கூட்டின் முகத்தைத் தளமாகக் கொண்டு வளர்ந்த படலங்களில் இந்த இழப்பு பெரிது. அதன் மூலைவிட்டம் செங்குத்தாக நிற்கும்படி வளர்த்துவிட்டால், நீண்ட பக்கம் மூன்று அச்சுகளில் எதைத் தேர்ந்தாலும் செங்குத்துக் கோட்டோடு அதே 54.7 டிகிரிக் கோணமே வரும். இழுவிசைக்கு எதையும் படுக்கவைக்க வழியில்லை. முழு முனைவாக்கத்தில் 58 விழுக்காடுதான் கைக்கு வரும் என்றாலும், அது உறுதியாக வரும். சிர்க்கோனியம் 30, டைட்டானியம் 70 என்ற கலவையை மூலைவிட்டத் திசையில் வளர்ப்பதைப் பலர் நாடுவதற்குக் காரணம் இதுதான். மாங்கனீசைச் சிறிதளவு சேர்த்தால் மின்காப்பு இழப்பு குறைந்து, இரைச்சலும் குறைகிறது.

எனக்கு நேர்ந்த ஒரு பிழையை இங்கே விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அதே பிழை பலருடைய முடிவுகளில் ஒளிந்திருக்கக்கூடும் என்று அஞ்சுகிறேன். ஒரு சதுர மில்லிமீட்டர் மின்முனை கொண்ட ஒரு படலத்தை மின்புலம் கொடுத்து முனைவாக்கிய பின், அதாவது உள்ளிருக்கும் முனைவாக்கங்களை ஒரே பக்கம் திருப்பிய பின், நிமிடத்துக்கு 2 கெல்வின் வீதம் சீராகச் சூடேற்றி ஓட்டத்தை அளந்தேன். குணகம் 350 என்றால் அந்த வேகத்தில் 12 பிக்கோஆம்பியர் வர வேண்டும். எனக்கு 35க்கு மேல் வந்தது. ஒரு வாரம் நான் வேறெதையும் நினைக்கவில்லை. அந்தக் கலவைக்கு விளக்கம் தேடி இரவெல்லாம் விழித்திருந்தேன். அப்போது உடன் பணியாற்றிய மூத்தவர் ஒருவர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, “குளிரவைத்தாயா?” என்று மட்டும் கேட்டார். நான் குளிரவைத்து அளந்திருக்கவில்லை. அன்றே அதைச் செய்தேன். பைரோமின் ஓட்டம் வெப்பநிலை ஏறும்போது ஒரு திசையிலும் இறங்கும்போது எதிர்த்திசையிலும் அதே அளவில் ஓட வேண்டும். என் ஓட்டம் குளிரும்போது திசை மாறவே இல்லை. வலுக் குறைந்து அதே பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. முனைவாக்கும்போது படலத்தின் குறைபாடுகளில் சிறைப்பட்ட மின்னூட்டங்கள் சூட்டில் விடுபட்டு வெளியேறியதைத்தான் நான் பைரோமின் ஓட்டம் என்று எழுதியிருந்தேன். மின்முனைகளைக் குறுக்கே இணைத்து ஓர் இரவு சூடாக வைத்திருந்து, மறுநாள் மீண்டும் அளந்தபோது இரு திசைகளிலும் 11ஐ ஒட்டிய எண் வந்தது. கலவை சிறப்பானதுதான், அதிசயம் ஒன்றும் அதில் இல்லை.

அதற்குப் பிறகு நான் சீரான சூடேற்றத்தை மட்டும் நம்புவதில்லை. மின்னோட்டத்தால் சூடாக்கவும் குளிரவைக்கவும் கூடிய பெல்டியர் தட்டின் மேல் படலத்தை வைத்து, வெப்பநிலையை ஒரு கெல்வின் அளவுக்கு மெதுவாக ஏறி இறங்கும் அலையாக மாற்றுகிறேன். உண்மையான பைரோமின் ஓட்டம் வெப்பநிலை மாறும் வேகத்தைப் பின்பற்றுவது. ஆகவே அது வெப்பநிலை அலையிலிருந்து கால் சுற்று விலகி நிற்கும். சிறைப்பட்ட மின்னூட்டத்தின் ஓட்டம் வெப்பநிலையோடு சேர்ந்தே ஏறி இறங்கும். இரண்டையும் கணக்கில் எளிதாகப் பிரித்துவிடலாம். ஒரு கட்டுரையில் மிக உயர்ந்த குணகம் கண்ணில் பட்டால் இப்போது நான் முதலில் தேடுவது, குளிரும் பக்கத்து வரைபடம் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்பதைத்தான். அது இல்லாத எண்ணை என் ஒப்பீட்டு அட்டவணையில் சேர்ப்பதில்லை.

படலத்தைச் சிலிக்கானிலிருந்து விடுவிப்பது தனிக் கலை. வேஃபரின் பின்புறத்திலிருந்து ஆழமாக அரித்துச் சவ்வாக்கலாம். அல்லது படலத்தின் அடியில் ஒரு பலிப் படலத்தை இட்டு, கடைசியில் அதைக் கரைத்து, மெலிந்த இரண்டு கால்களின் மேல் புள்ளி நிற்கும்படி செய்யலாம். கால்கள் நீளமாகவும் மெலிந்தும் இருந்தால் வெப்பம் தங்கும். ஆனால் வெப்பம் தங்கும் நேரமும் நீளும். வெப்பக் கடத்தல் ஒரு கெல்வினுக்கு ஒரு மைக்ரோவாட் என்றால், மேலே சொன்ன புள்ளிக்கு அந்த நேரம் 7 மில்லிநொடியாகிறது. நொடிக்கு 30 படம் எடுக்கும் கேமராவுக்கு அது சரியாகப் பொருந்தும். இங்கே இன்னொரு தொல்லையும் சேர்கிறது. பைரோமின் பொருள் அனைத்தும் அழுத்தமின் பொருளும்கூட. மெல்லிய சவ்வு மத்தளத் தோல் போல அதிர்ந்து, அறையின் ஒலியையும் மேசையின் நடுக்கத்தையும் மின்னோட்டமாக்கிவிடும். பக்கத்திலேயே கதிர் படாத ஒரு குருட்டுப் புள்ளியை வைத்து அதன் குறிப்பைக் கழிப்பதே இதற்கு நடைமுறைத் தீர்வு. செயல்முறையின் கடைசிப் படிகளில் ஹைட்ரஜன் கலந்த வாயுவில் சூடேற்றும் வழக்கம் சிலிக்கான் தொழிலில் உண்டு. பிளாட்டினம் மின்முனை அந்த ஹைட்ரஜனைப் பிளந்து படலத்துக்குள் அனுப்பி முனைவாக்கத்தையே அழித்துவிடும் என்பதை மின்சுற்றுப் பக்கத்து நண்பர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

கதிரை உறிஞ்ச மேற்பரப்பில் கறுப்பு வேண்டும். பொன்னைக் குறைந்த அழுத்த வாயுவில் ஆவியாக்கினால் புகைக்கரி போன்ற பொன்கறுப்பு படியும். உறிஞ்சுவதில் அதற்கு நிகரில்லை, ஆனால் விரல் பட்டால் போதும், அழிந்துவிடும். புள்ளி வரிசைகளுக்கு மெல்லிய உலோகப் படலம் ஒன்றைச் சதுரத்துக்கு 377 ஓம் தடையுள்ளதாக இட்டு, அதன் அடியில் கால் அலைநீள இடைவெளியில் பிரதிபலிக்கும் பரப்பை வைப்பது ஏற்றது. 10 மைக்ரோமீட்டர் கதிருக்கு அந்த இடைவெளி வெற்றிடத்தில் 2.5 மைக்ரோமீட்டர்.

நானோ அமைப்புகளைப் பற்றி இப்போது நிறைய எழுதப்படுகிறது. நானோ என்ற முன்னொட்டு சேர்ந்ததும் குணகம் பெருகிவிடும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. என் பார்வையில் ஆதாயம் வேறிடத்தில் உள்ளது. படலத்துக்குள் நுண்துளைகளை உண்டாக்கினால் திண்மப் பொருள் குறைகிறது. குணகமும் வெப்ப ஏற்புத்திறனும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் குறைவதால் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ளும். மின்காப்பு மாறிலி குறைவது மட்டும் முழு ஆதாயமாக மிஞ்சும். கூடவே வெப்பம் பக்கவாட்டில் ஓடும் வழியும் சுருங்குகிறது. கரைசலில் ஒரு பாலிமரைக் கலந்து, எரிக்கும்போது அது விட்டுச்செல்லும் வெற்றிடங்களைத் துளைகளாக்குவது எளிய முறை. ஆனால் இத்தகைய படலத்தை முனைவாக்குவது கடினம். கொடுக்கும் மின்னழுத்தத்தின் பெரும்பகுதி மின்காப்பு மாறிலி குறைந்த துளைகளின் குறுக்கே நின்றுவிடும். நாம் திருப்ப விரும்பும் திண்மப் பகுதிக்குச் சிறு பங்கே போய்ச் சேரும். மின்னழுத்தத்தைக் கூட்டினால் துளைகளில் தீப்பொறி பாயும். அதோடு துளைகள் காற்றின் ஈரத்தைக் குடித்து, கசிவு ஓட்டத்தையும் இழப்பையும் கூட்டுகின்றன. ஈரமான நாளில் அளந்த எண்ணுக்கும் உலர்ந்த நைட்ரஜனில் அளந்த எண்ணுக்கும் ஒப்பே இருக்காது.

நானோ கம்பிகளும் குழாய்களும் இன்னொரு வழி. துளையுள்ள அலுமினாவை அச்சாகக் கொண்டு அதன் துளைகளில் கரைசலை நிரப்பிச் சுட்டால், துளைச் சுவரை நனைத்துக்கொண்ட கரைசல் குழாயாக எஞ்சும்; பிறகு அலுமினாவைக் காரத்தில் கரைத்துவிடலாம். அழுத்தக் கலத்தில் வெந்நீர்க் கரைசலிலிருந்து பேரியம் டைட்டானேட், பொட்டாசியம் நியோபேட் போன்றவற்றின் ஒற்றைப் படிகக் கம்பிகளையும் வளர்க்க முடிகிறது. துத்தநாக ஆக்சைடு நானோ கம்பிகளிலிருந்து பைரோமின் ஆற்றல் எடுக்கும் சாதனத்தை 2012இல் காட்டினார்கள். ஒரு தனிக் கம்பியைக் கிடையாக வைத்து இரு முனைகளில் மின்முனை இட்டால், ஓட்டம் அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது என்பதால், கிடைப்பது பெருக்கியின் இரைச்சலுக்குள் மூழ்கிப்போகும். அதனால் கம்பிகளை வயல் நாற்று போலச் செங்குத்தாக அடர்த்தியாக வளர்த்து, இடைவெளியைப் பாலிமரால் நிரப்பி, மேலே பொது மின்முனை இடுவதே பயன் தரும். அளவு சிறுத்தால் முனைவாக்கமே மறைந்துவிடும் என்ற அச்சம் ஒருகாலத்தில் இருந்தது. மூன்று அலகுக்கூடுகள், அதாவது 1.2 நானோமீட்டர் தடிமன் வரை ஈய டைட்டானேட்டில் முனைவாக்கம் நிலைப்பதை 2004இல் எக்ஸ்-கதிர் ஆய்வு காட்டிய பிறகு, நாம் செய்யும் 50, 100 நானோமீட்டர் கம்பிகளுக்கு அந்தக் கவலை தேவையில்லை. நம்மைத் தடுப்பது அந்தக் கம்பிகளை எல்லாம் ஒரே திசையில் முனைவாக்கி, அப்படியே நிறுத்திவைப்பதுதான்.

ஈயம் இல்லாத பொருள்களை நான் அக்கறையோடு பார்த்து வருகிறேன். சிலிக்கான் கலந்த ஹாஃப்னியம் ஆக்சைடு 10 நானோமீட்டர் படலத்தில் ஃபெரோமின் தன்மை, அதாவது மின்புலத்தால் திருப்பக்கூடிய முனைவாக்கம், காட்டுவதாக 2011இல் வெளியான செய்தி இந்தத் துறைக்கு ஒரு புதிய கதவு. அதன் குணகம் பி.இசட்.டி.யில் கால்வாசியைக்கூட எட்டுவதில்லை. ஆனால் மின்காப்பு மாறிலியும் 30ஐ ஒட்டியே இருப்பதால், வகுத்துப் பார்க்கும்போது பின்தங்கவில்லை. சிலிக்கான் தொழிற்சாலைகள் அந்த ஆக்சைடை டிரான்சிஸ்டர்களில் ஏற்கெனவே நம்பிப் பயன்படுத்துகின்றன. ஈயத்தை உள்ளே விட மறுக்கும் உலைகளும் அதற்குத் திறந்திருக்கின்றன. ஆனால் 10 நானோமீட்டர் தடிமனில் மின்தேக்குத் திறன் மிகப் பெரிதாகிவிடுவதால், மின்னழுத்தமாகப் படிக்காமல் ஓட்டமாகப் படிக்கும் சுற்றுகள் வேண்டும். பரப்பைக் குழிகளின் சுவர்களில் மடித்து ஏற்றி, ஒரே புள்ளிக்குள் பல மடங்கு மின்முனைப் பரப்பைப் பெறும் வழியும் அதற்கு உண்டு. ஓர் அணு அடுக்கின் மேல் மற்றொன்றாகப் படியவைக்கும் அணுப் படல முறையில் செய்யப்படும் பொருள் என்பதால் ஆழ்ந்த குழிக்குள்ளும் அது சீராகப் படியும்.

இப்போது என் மேசையில் இருப்பது ஒரு துளைப் படலம். கீழும் மேலும் அடர்ந்த பி.இசட்.டி. பூச்சு ஒவ்வொன்று, நடுவில் துளையுள்ள ஆறு பூச்சுகள் என்று அடுக்கியிருக்கிறேன். மேல் பூச்சு ஈரத்தைத் தடுக்கவும், மின்முனை உலோகம் துளைகளுக்குள் இறங்கிக் குறுக்குச்சுற்றாகாமல் இருக்கவும். முதல் வேஃபரில் பத்துக்கு நான்கு மின்முனைகள் முனைவாக்கும்போது கருகின. இரண்டாவதில் மின்னழுத்தத்தை ஒரே மூச்சில் கொடுக்காமல், 120 டிகிரியில் வைத்துப் படிப்படியாக ஏற்றி, மின்புலம் நிற்கும்போதே குளிரவிட்டேன், ஒன்றுதான் கருகியது. எஞ்சிய ஒன்பதையும் குறுக்கே இணைத்து நைட்ரஜனில் வைத்திருக்கிறேன். நாளை காலை அளவீடு தொடங்கும். குளிரும் பக்கத்திலிருந்துதான் தொடங்குவேன்.